மச்சானுக்கு வந்த பொருளாதார மந்தம்

என் மனைவியின் தம்பிக்கு அமெரிக்காவில் வேலை போனது. கொஞ்சக் காலத்தில் வீடும் போனது. அதோடு அவர்மேல் எனக்கிருந்த பொறாமையும் போய்விடும் என்றுதான் எதிர்பார்த்தேன். நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு மனிதரிடம் பொறாமைப்பட ஒன்றுமே மிச்சமில்லாதபோது பொறாமை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஆனால் அது நின்றது. முன்னரைவிட உறுதியாக நின்றது.

முன்னர் இருந்த பொறாமைக்கு விளக்கம் தேவையில்லை. நானும் அவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள். அவர் மிச்சிகனுக்குப் படிக்கப் போய், கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பொறியியலாளர் ஆனார். நான் பொருளாதாரப் பட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் வெட்டினேன். பிறகு மொழி படித்து, ஒஸ்லோவுக்கு வந்து, நலன்புரிக் கந்தோர் ஒன்றில் விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் உத்தியோகத்தனாகி, அங்கேயே நரைத்தேன். நகரின் விளிம்பில், குரோருட்டில், நாலாம் மாடியில் ஒரு வீடு, கீழே நிலவறையில் ஓர் அலுமாரி அளவுக்கு ஒரு சாமான் அறை. மச்சானுக்கு இரண்டு கார் நிற்கிற கராஜ், பின்வளவில் நீச்சல் குளம். அந்தக் குளத்தின் படத்தை என் மனைவி எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதில் ஒருமுறை மூழ்கி எழும்பினேன்.

பிறகு அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. கார்க் கம்பெனிகள் அரசாங்கத்தின் வாசலில் போய் நின்றன. மச்சானின் கம்பெனி மூடப்பட்டது.

எனக்கு இந்த விடயம் நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகத்தில் முப்பதுகளின் அமெரிக்கப் பெருமந்தத்தைப் பற்றித்தான் என் இறுதிக் கட்டுரை. அரசாங்கம் வங்கிகளை இழுத்துப் பூட்டிப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது, வேலையில்லாத இளைஞர்களை மரம் நடவும் பாலம் கட்டவும் தானே சம்பளத்துக்கு எடுத்தது, வயதானவர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. மறுபக்கத்தில் சனங்கள்: சூப்புக்குக் கியூ, தெருமுனையில் அப்பிள் விற்றவர்கள், பாயும் சட்டியும் ஏற்றிக்கொண்டு மேற்கே போன பழைய லொறிகள். எல்லாவற்றையும் காரண காரியத்தோடு எழுதி வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தேன். நான் பரீட்சை எழுதிய பாடத்துக்குள் இப்போது என் மச்சான் குடிபோயிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் தொலைபேசி எடுப்பார். மனைவி அதைச் சத்தமாக வைத்து மேசையில் கிடத்துவாள். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இருப்போம்.

“அத்தான், வேலையில்லாதவைக்குக் குடுக்கிற காசை இஞ்சை அரசாங்கம் திரும்பவும் நீட்டியிருக்கு.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“தெரியேல்லை அத்தான். முடியப்போகுது எண்டுவினம். நாங்கள் பயந்து சாகேக்கை பிறகு நீட்டுவினம்.”

“அப்பிடி இருக்கேலாது. அதுக்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கும். அதைக் கேட்டு எடும்.”

“அவன் சாப்பிட்டானோ எண்டு முதல் கேளுங்கோ,” என்றாள் மனைவி. “பிரிவு எங்கையும் ஓடாது.”

அந்த ஞாயிறுகளில் கேட்ட கதைகள்தான் என்னைக் கெடுத்தவை. மச்சானின் தெருவில் பாதி வீடுகளை வங்கி எடுத்துவிட்டதாம். ஆளில்லாத வீடுகளின் முன்னால் புல் இடுப்பளவுக்கு வளர, மிஞ்சியிருந்தவர்கள் முறைபோட்டு அந்தப் புல்லை வெட்டினார்களாம். ஏன்? தெரு செத்துப்போன மாதிரித் தெரியக்கூடாதாம். யாருடையதோ குளம் பச்சையாகி நுளம்பு பெருக, ஒருவர் மீன்குஞ்சு வாங்கிக்கொண்டு வந்து அதற்குள் விட்டாராம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மச்சான் முதல் மாதம் கந்தோர்ச் சேர்ட் போட்டுக்கொண்டு அந்தக் கியூவில் நின்றார். அடுத்த மாதம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பெட்டி கொடுத்தார். வேலையிழந்த பொறியியலாளர்கள் கிழமைக்கொருமுறை நூலகத்தில் கூடி, ஒருவருடைய வேலை விண்ணப்பத்தை மற்றவர் திருத்தினார்கள். வீடு பறிபோன ஒரு நண்பர் குடும்பத்தோடு மச்சான் வீட்டு நிலவறையில் குடியேறினார். மச்சானின் வீடும் பறிபோன பிறகு எல்லோரும் சேர்ந்து இன்னொருவர் வீட்டுக்குப் போனார்கள். ஊர்வலம் மாதிரி.

மனைவி அழுவாள். அழுதுவிட்டு அடுத்த நாள் தபாற்கந்தோருக்குப் போய் மிளகாய்த்தூள் அனுப்புவாள், அமெரிக்காவில் மிளகாயே விளையாது என்பதுபோல. எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அவரை எடுத்துக் கதைத்தார்கள். ‘அவன் எப்பிடி இருக்கிறான்?’ என்று என்னிடமும் கேட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இந்த நாட்டில் எண்ணெய்க் காசு இருந்தது. கடைகள் திறந்திருந்தன. என் கந்தோரில் கட்டட வேலை இழந்த போலந்துக்காரர் சிலர் கூடுதலாக வந்தார்கள். அவர்களுக்கு நான் சரியான பிரிவின் கீழ் சரியான கொடுப்பனவைத் தீர்மானித்தேன். அவர்களில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை, ஒருவருக்கும் என் பெயரும் தெரியாது. நல்ல நிர்வாகம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

“தம்பியாக்கள் எவ்வளவு ஒற்றுமையா இருக்கினம் பாத்தீங்களே,” என்பாள் மனைவி.

“இஞ்சை அந்த நிலைமைக்கு ஒருத்தரையும் வர விடுறேல்லை. அதுக்குத்தானே வரி கட்டுறம்.”

“ஓம், நீங்கள் சொல்லுறது சரி,” என்பாள். அதைச் சொல்லும்போது அவள் பார்வை யன்னலுக்கு வெளியே இருக்கும்.

மச்சான் பிறகு எழும்பினார். சிறிய கம்பெனி, சிறிய வீடு, குளம் இல்லை. ஓய்வும் பெற்றார், நானும் அப்படியே. அதற்குப் பிறகு அவருடைய மனைவி நோயில் இறந்துபோனார். மகன் கலிபோர்னியாவில். மச்சான் தனியே.

போன வருடம் பனி கரையத் தொடங்கிய நேரம், கீரை அரிந்துகொண்டே என் மனைவி சொன்னாள்: “இஞ்சேருங்கோ, நான் ஒண்டு யோசிக்கிறன். எனக்கும் ஓய்வூதியம் வந்திட்டுது. பிள்ளையும் பக்கத்திலை ரொம்மனிலை தன்ரை பாட்டிலை இருக்கிறாள். வாற குளிர்காலத்திலை இருந்து நான் தம்பியோடை போய் இருக்கலாம். கோடைக்கு இஞ்சை வரலாம்.”

“ஒஸ்லோக் குளிருக்குத் தப்பி மிச்சிகனுக்குப் போற முதல் ஆள் நீராத்தான் இருக்கும்.”

“குளிருக்கு ஆர் தப்பினது?”

“அப்ப நான்?” என்றேன்.

“நீங்களும் வரலாம்.”

வரலாம். எங்கள் கந்தோரில் ‘வழங்கலாம்’ என்று எழுதியிருந்தால் வழங்காமல் விட்டாலும் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. அன்று தொடக்கம் எனக்கு வேறு நினைவில்லை. வேலையையும் வீட்டையும் மனைவியையும் இழந்த மனிதர் இப்போது என் மனைவியைக் கேட்கிறார். நான் அதை அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

மே மாதத்தில் அவர் ஒஸ்லோவுக்கு வந்தார். அக்காவைப் பார்க்க என்று சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போக என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஆள் மெலிந்திருந்தார், முழங்கால் சரியில்லை, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. அக்கா அவருக்கு மூன்று வேளையும் சமைத்தாள். நான் பல வருடமாகக் கேட்டும் ‘கொலஸ்ட்ரோல்’ என்று மறுக்கப்பட்ட கணவாய்ப் பொரியல் அந்தக் கிழமை மட்டும் இரண்டு தடவை மேசைக்கு வந்தது.

அவர் வந்த கிழமையின் சனிக்கிழமை எங்கள் கட்டடத்தின் டுக்னாட். இந்த நாட்டில் வசந்தத்தில் ஒரு நாள் அயலவர்கள் எல்லோரும் கீழே இறங்கி, பழைய சருகையும் குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக் கல்லையும் சேர்ந்து கூட்டி அள்ளுவார்கள். சம்பளமில்லை. முடிவில் சொசேஜும் கோப்பியும். நான் குடியிருப்புச் சபையின் செயலாளர். ஆகவே அறிவித்தலை உரிய காலத்துக்கு முன்னர் படிக்கட்டில் ஒட்டி, மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தேன். வராதவர்மேல் தண்டம் போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சபைக்கு எழுத்தில் தெரிவித்தவனே நான்தான். அதற்குப் பிறகு வருடா வருடம் ஆள் குறைந்துகொண்டு வந்தது.

மச்சான் என்னோடு கீழே வந்தார். சபைத் தலைவி, நான், இன்னும் நாலைந்து பேர் சருகுவாரியோடு நின்றோம். அவர் நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார்.

“மிச்ச ஆக்கள் எங்கை அத்தான்?”

“அறிவித்தல் போட்டது. விருப்பமான ஆக்கள் வருவினம்.”

“ஒருத்தரும் போய்க் கூப்பிடேல்லையோ?”

“அறிவித்தல்தான் கூப்பிடுறது.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குள் போனார். நான் விளங்கிக்கொள்வதற்கிடையில் முதல் மணி அடித்தது.

இந்த நாட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவரும் ஒருவருடைய கதவு மணியை அடிப்பதில்லை. ரொம்மனில் இருக்கிற எங்கள் சொந்த மகள் வருவதென்றாலே முதல் நாள் செய்தி அனுப்புவாள், நாங்களும் அப்படியே. மச்சானோ கீழ்மாடியில் அடித்தார், இரண்டாம் மாடியில் அடித்தார், மூன்றாம் மாடியில் அடித்தார். மாடி மாடியாக மணி ஏறிப்போவதை நான் சருகுவாரியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். சபைக்கு எழுதவேண்டிய மன்னிப்புக் கடிதத்தின் முதல் பந்தி மனதில் தயாராகிவிட்டது.

“யார் அது?” என்று தலைவி கேட்டார்.

“என் மனைவியின் தம்பி. அமெரிக்காவில் இருந்து.”

ஒரு நோயின் பெயரைக் கேட்டவர்போலத் தலைவி தலையை ஆட்டினார்.

ஆனால் சனம் வந்தது. சோமாலியாக் குடும்பம் பிள்ளைகளோடு வந்தது. ராக்சி ஓட்டும் பாகிஸ்தான்காரர் நித்திரைக் கண்ணோடு வந்தார். கீழ்மாடியில் இருக்கும் திருகோணமலைத் தம்பதி வந்தார்கள். வருடக்கணக்காக என்னிடம் நாரிப்பிடிப்பு என்று சொன்னவர் குப்பைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைசியாக, எங்களுக்கு நேர்கீழே மூன்றாம் மாடியில் இருக்கும் நோர்வேஜியப் பெண்மணி, வீட்டுச் செருப்போடு, மச்சானின் கையைப் பிடித்தபடி வந்தார். மச்சான் அவரை வாங்கில் இருத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“அத்தான், உந்த அம்மாவின்ரை புருசன் தை மாதம் செத்துப்போனாராம். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?”

“எனக்குத் தெரியாதே.”

பக்கத்தில் கோப்பிப் போத்தலோடு நின்ற என் மனைவி திரும்பினாள். “நான் சொன்னனான். மேசையிலை இருந்து சொன்னனான். புருசன் செத்தால் மனிசிக்கு ஓய்வூதியத்திலை என்ன பங்கு வரும் எண்டு நீங்கள் விளக்கம் சொன்னனீங்கள்.”

சொன்னது ஞாபகம் வந்தது. விளக்கம் சரியானது.

அதற்குப் பிறகு அந்த முற்றம் மச்சானுடையது. சொசேஜ் கரியடுப்பில் வேகும்போது அவரைச் சுற்றி ஒரு வட்டம். இடுப்பளவு புல், பச்சைக் குளம், மீன்குஞ்சு, சேர்ட் போட்டுக்கொண்டு நின்ற கியூ, எல்லாம் ஆங்கிலத்தில், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்போடு. ராக்சிக்காரர் கொரோனாக் காலத்தில் தனக்கு ஓட்டமே இல்லாமல் போன கதையைச் சொன்னார். அவர் அப்படி ஒரு வருடம் இருந்தார் என்பதே எனக்குப் புதினம். இந்த மனிதர்களோடு நான் முப்பது வருடமாகப் படிக்கட்டில் தலையாட்டி வருகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. சொசேஜ் காரணமில்லை.

“ஒண்டை விட்டுட்டீர்,” என்றேன், தமிழில். “உம்மைக் காப்பாத்தினது புல்லு வெட்டினவை இல்லை. அரசாங்கம் நீட்டி நீட்டிக் குடுத்த காசும், கார்க் கம்பெனியளுக்கு அது குடுத்த கடனும். இல்லாட்டில் உமக்கு இரண்டாவது வேலை கிடைச்சிருக்காது.”

“ஓம் அத்தான். அது சரிதான்.”

எதிர்த்துக் கதைக்கும் ஆளை எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

அவர் என்னை ஓரமாக, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார். “முதல் கொஞ்ச மாதம்தான் அந்த ஒற்றுமை. பிறகு எல்லாரும் களைச்சுப்போச்சினம். போன் அடிச்சாலும் எடுக்காயினம். நானும் எடுக்கேல்லை, பொய் சொல்லக்கூடாது. காசு வாற நாளைப் பாத்துக்கொண்டு தனியக் குந்தியிருந்தன். அப்ப உங்களை நினைப்பன். அத்தானுக்கு ஒரு நாளும் உப்பிடி வராது, அவர் இருக்கிற நாடு அப்பிடி எண்டு. சத்தியமா எரிச்சலா இருக்கும்.”

இந்த வசனத்துக்காக நான் பாதி ஆயுள் காத்திருந்திருக்கிறேன். இன்னொருமுறை, கொஞ்சம் சத்தமாக, அவருடைய அக்காவுக்குக் கேட்கும்படி சொல்லச் சொல்ல ஆசைப்பட்டேன். ஆனால் அவர் தொடர்ந்தார்.

“அத்தான், நான் இஞ்சை வந்து இருக்க வழியிருக்கோ? அக்காவுக்குப் பக்கத்திலை. வந்ததே அதைக் கேக்கத்தான். உங்களுக்குத்தானே எல்லா முறையும் தெரியும்.”

அவர் அவளைக் கூட்டிப்போக வரவில்லை. தானே வரப் பார்க்கிறார்.

வழியில்லை. எனக்கு அது உடனேயே தெரியும். மனைவி, கணவன், சிறு பிள்ளைகள், சில நிபந்தனைகளோடு தாய் தகப்பன், இவ்வளவு பேரைத்தான் கூப்பிடலாம். வளர்ந்த சகோதரனுக்கு இந்த நாட்டில் கதவில்லை. ஆனால் கதவில்லை என்று நான் சொன்னால் அவள் போவாள், அதுவும் எனக்குத் தெரியும். சொல்லாமல் விட ஒரு முறையும் இருந்தது. விண்ணப்பம் போடுவோம் என்று சொல்லலாம். கட்டணம் கட்டி, இலக்கம் வாங்கி, பதிலுக்கு ஒரு வருடம் பார்த்திருக்கலாம். மறுத்தால் மேன்முறையீடு. அந்த நேரம் முழுக்க என் மனைவி இங்கேயே இருந்து காத்திருப்பாள். ஒரு மனிதரைக் கியூவில் எப்படி வைத்திருப்பது என்பதில் எனக்கு நீண்ட அனுபவம்.

என் வாய் அதற்கு உடன்படவில்லை. நல்ல மனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விதியைப் பிழையாகச் சொல்ல அதற்குப் பழக்கமில்லை.

“சகோதரத்துக்கு வழியில்லை, தம்பி,” என்றேன். “விண்ணப்பிச்சாலும் மறுப்பினம். காசை வீணாக்காதையும்.”

அவர் தலையாட்டினார். என் மனைவி எங்களுக்குப் பின்னால் கோப்பியோடு வந்து நின்றதை நான் காணவில்லை.

“அப்ப நான் போறன்,” என்றாள்.

வீட்டுக்கு ஏறியதும் நான் என் கடமையைச் செய்தேன். மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதென்றால் விசா வேண்டும் என்றேன். தெரியும், தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் எடுத்தாச்சு என்றாள். அங்கே வருத்தம் வந்தால் இந்த நாடு ஒரு சதமும் கட்டாது என்றேன். தெரியும், தனியாகக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்றாள். ஓய்வூதியக்காரர் வெளிநாட்டில் நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு என்றேன். வருடத்தில் ஆறு மாதம், அதைத் தாண்டினால் அறிவிக்கவேண்டும் என்று அவளே சொல்லி முடித்தாள். நான் சொல்லியிருக்கக்கூடிய அதே ஒழுங்கில்.

“இதெல்லாம் ஆரிட்டைக் கேட்டனீர்?”

“உங்கடை பழைய கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தனான். ஒரு பெட்டை கதைச்சவள்.”

“என்னைக் கேட்டிருக்கலாமே. நான் இருக்கேக்கை—”

“நல்ல பிள்ளை,” என்றாள் மனைவி. “நான் சொன்னது முழுக்கக் கேட்டவள். தம்பியைப் பற்றி, அவன்ரை மனிசி செத்ததைப் பற்றி, எல்லாம். பிறகுதான் விதியைச் சொன்னவள்.”

இத்தனை வருடமாக மிச்சிகனில் குடியிருந்த என் பொறாமை அந்த நிமிடத்தில் இடம்பெயர்ந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எங்கோ ஒரு மேசையில் இருக்கும், நான் ஒருநாளும் காணப்போகாத ஒரு பெட்டையிடம் போய் இருந்துகொண்டது. என் மனைவி அவளிடம் எவ்வளவு நேரம் கதைத்தாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எங்களுடைய காலத்தில் ஓர் அழைப்பை நீட்டவிடக்கூடாது என்பதுதான் கட்டளை.

நவம்பர் தொடக்கத்தில் அவள் போனாள். நானும் வரலாம் என்று விமான நிலையத்திலும் சொன்னாள். சபையில் இலையுதிர்காலக் கணக்கு முடியவில்லை என்று சொன்னேன்.

மார்ச் முடிவில் திரும்புவதாக ஏற்பாடு. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். தம்பிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை இருக்கிறதாம். ஏப்ரல் முடியும் வரை நின்றால் பிரச்சினை வருமோ என்று கேட்டாள். இம்முறை அந்தப் பெட்டையைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

“பிரச்சினை இல்லை,” என்றேன். “ஆறு மாதத்துக்கு உள்ளைதான் வருது. ஏலும்.”

“ஏலுமோ? நல்லதாப் போச்சு.”

பிறகு யாரோ உள்ளே வந்த சத்தம். பனி தள்ளிவிட்டு அயலவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அவள் தொலைபேசியை மேசையில் வைத்தாள், வெட்டாமல். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் என்னவோ ஆங்கிலத்தில் சொன்னார். ஓர் ஆண் சிரித்தார், ஒரு வயதான பெண் சிரித்தார், மச்சான் தானும் சிரித்தார். எல்லோருக்கும் மேலாக இன்னொரு சிரிப்பு, மூச்சுவாங்கி, அடக்கமுடியாமல். அது யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அது தணிந்து, “பொறு தம்பி, இவர் லைனிலை நிக்கிறார்,” என்று தமிழில் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.